சொல்தேடலின் கதை – 11: சன்ஓஎஸ் முதல் மெயின்ஃப்ரேம் வரை

சென்ற இதழை டொரண்டோவில், ஹென்றி ஸ்பென்சரோடு நிறுத்தியிருந்தோம். பெல் ஆய்வகத்தின் கையேட்டுப் பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அவர்களுடைய மூல நிரலைத் தொடாமலேயே தேடல் வடிவங்களைக் கையாளும் ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் லைப்ரரியை எழுதி, 1986-இல் யூஸ்நெட் வழியாக எல்லோருக்கும் கொடுத்தவர் அவர். லாரி வால் அதை எடுத்து 1988-இல் வந்த பெர்ல் இரண்டாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு பதிப்பிலும் அதன்மேல் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போனார். 1994-இல் பெர்ல் 5 வந்தபோது, அதில் எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த தேடல் வசதி சி மொழிக்காரர்களுக்கு எட்டாக் கனியாகிவிட்டது. பெர்லின் தேடல் எந்திரம் அந்த மொழியின் உள்ளுறுப்புகளோடு பின்னிக் கிடந்ததால் அதை மட்டும் தனியே கழற்றி எடுக்க வழி இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டிங் சர்வீஸில் வேலை பார்த்த ஃபிலிப் ஹேசல். 1995-இல் அவர் எக்ஸிம் என்ற மெயில் சர்வரை எழுதத் தொடங்கினார். எந்த முகவரிக்கு வரும் கடிதத்தை எங்கே அனுப்புவது, எதைத் திருப்பிவிடுவது என்று நிர்வாகிகள் அதற்கு விதி எழுதிவைக்க வேண்டும். அந்த விதிகளுக்குத் தேடல் வடிவங்கள் தேவை. முதலில் ஸ்பென்சரின் லைப்ரரியே போதுமானதாக இருந்தது. பெர்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது போதவில்லை. 1997 கோடையில் ஹேசல் தாமே ஒன்றை எழுத உட்கார்ந்தார். பெர்லுக்கு ஒத்த ரெகுலர் எக்ஸ்பிரஷன்கள் என்ற பொருளில் அதற்கு பிசிஆர்இ என்று பெயர் வைத்தார்.

அவருடைய பின்புலத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஹேசல் 1970-களின் தொடக்கத்திலிருந்தே அந்த அலுவலகத்தில் இருந்தவர். 1973-இல் ஐபிஎம் 370/165 மெயின்ஃப்ரேமில் தொடங்கிய ஃபீனிக்ஸ் என்ற ஏற்பாட்டில்தான் கேம்பிரிட்ஜின் ஆசிரியர்களும் மாணவர்களும் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் போட்டார்கள், கட்டுரை அச்சிட்டார்கள். அது மூடப்பட்டதும் 1995-இல்தான். யூனிக்ஸோடு மட்டுமே வளர்ந்த ஒரு நிரலாளர், எழுத்து என்றால் ஆஸ்கி, வரி முடிவு என்றால் ஒற்றைக் குறி, நினைவகம் என்றால் கேட்டவுடன் கிடைப்பது என்று தன்னை அறியாமலே எடுத்துக்கொள்வார். மெயின்ஃப்ரேமில் பாதி வாழ்க்கையைக் கழித்தவருக்கு அந்தப் பழக்கம் இருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம். பிசிஆர்இயின் வரலாற்றை அதன் மாற்றப் பதிவேட்டில் படிக்கிறபோது அந்த எண்ணம் உறுதிப்படுகிறது.

1997 நவம்பர் 18 தேதியிட்ட 1.00 பதிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் குறிப்பே சன்ஓஎஸ் 4 பற்றியது. சன் நிறுவனத்தின் அந்தப் பழைய யூனிக்ஸில் மெம்மூவ் என்ற செயல்கூறு கிடையாது. நினைவகத்தின் ஒரு துண்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துகிற சாதாரணச் செயல்கூறு அது. 1989-இன் ஆன்சி சி தரத்தில் இடம்பெற்றது. சன்ஓஎஸ் 4 பெர்க்லி யூனிக்ஸ் வழிவந்தது என்பதால் அதில் பிகாப்பி என்ற செயல்கூறுதான் இருந்தது. இரண்டும் செய்வது ஒரே வேலை. ஆனால் மெம்மூவில் சேருமிடத்தை முதலில் சொல்ல வேண்டும், பிகாப்பியில் புறப்படும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் எழுதியதெல்லாம் அழியும்.

ஒரு தேடல் லைப்ரரிக்கு நினைவகத்தை நகர்த்தும் வேலை எங்கிருந்து வந்தது? ஒருவர் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை எழுதி, அதன் பின்னால் ஒரு கேள்விக்குறியும் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சொல் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்பது அதன் பொருள். பிசிஆர்இ இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே உள் கட்டளைகளை அடுக்கிக்கொண்டு போகும். அடைப்புக்குறி முடியும்போது அந்தச் சொல்லுக்கான கட்டளைகள் எல்லாம் எழுதியாயிற்று. கேள்விக்குறியைப் பார்த்த பிறகுதான் அவற்றுக்கு முன்னால் ‘இது கட்டாயமில்லை’ என்று ஒரு பைட் சேர்க்க வேண்டும் என்பது தெரியவருகிறது. எழுதிய அனைத்தையும் ஒரு பைட் மேலே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் கடைசிப் பைட்டிலிருந்து பின்னோக்கி நகலெடுக்க வேண்டும். முன்னிருந்து தொடங்கினால் ஒவ்வொன்றும் அடுத்ததை விழுங்கிவிடும்.

ஹேசல் தொடக்கத்திலும் அடுத்தடுத்த பதிப்புகளிலும் இதற்குச் செய்துவைத்த ஏற்பாடு மூன்று அடுக்கு கொண்டது. மெம்மூவ் இருந்தால் அதுவே. இல்லாமல் பிகாப்பி இருந்தால், வரிசையை மாற்றித் தருகிற ஒரு வரி. இரண்டுமே இல்லாத இயந்திரத்துக்கு அவரே எழுதிய ஒரு சிறு சுற்று. அந்தச் சுற்றின் அருகே ஒரு குறிப்பும் வைத்தார்: இந்த லைப்ரரியில் நகர்த்தல் எல்லாம் மேல்நோக்கியே நடக்கும், அந்த நம்பிக்கையில்தான் இது எழுதப்பட்டிருக்கிறது என்று. எந்த அனுமானத்தில் நிற்கிறோம் என்பதை அந்த இடத்திலேயே சொல்லிவிட்டுப் போகும் இந்தக் குணம்தான் பிசிஆர்இயை இவ்வளவு தொலைவு கொண்டுபோனது என்று நான் நம்புகிறேன்.

எந்த இயந்திரத்தில் எது இருக்கிறது என்பதை யார் கண்டுபிடித்துச் சொல்வது? இதற்கு அன்றே ஒரு வழி பிறந்திருந்தது. லாரி வால் தம்முடைய ஆர்என் என்ற நிரலுக்காக, நிறுவுகிறவரிடமும் இயந்திரத்திடமும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு ஸ்கிரிப்டை எழுதியிருந்தார். 1991-இல் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனில் பல குனு கருவிகளைப் பராமரித்துவந்த டேவிட் மெக்கென்சிக்கு அதே தலைவலி வந்தது. கையால் தேர்ந்து எழுத வேண்டிய தெரிவுகள் இருபது வரை ஏறிவிட்டன. அவர் எழுதிய ஆட்டோகான்ஃப், மனிதரைக் கேட்பதை விட்டுவிட்டு இயந்திரத்தையே சோதித்தது. நாலு வரி சி நிரல் ஒன்றை எழுதி, அதில் மெம்மூவை அழைத்து, கம்பைல் ஆகிறதா என்று பார்க்கும். ஆகிவிட்டால் ‘உண்டு’ என்று ஒரு தலைப்புக் கோப்பில் குறித்துவைக்கும். பிசிஆர்இயும் பின்னர் இந்தப் பாதைக்கு வந்தது.

ஆனால் அந்தச் சோதனை ஸ்கிரிப்ட் ஓட யூனிக்ஸ் ஷெல் வேண்டும். ஷெல்லே இல்லாத இடங்களுக்கு ஹேசல் தனியாக ஒரு வழிகாட்டிக் கோப்பு வைத்தார். அதைப் படித்து, ஆயத்தமாகக் கொடுக்கப்பட்ட தலைப்புக் கோப்பை நகலெடுத்து, அவரவர் இயந்திரத்துக்கு ஏற்பக் கையால் திருத்திக்கொள்ளலாம். விண்டோஸ், ஓபன்விஎம்எஸ், ஐபிஎம்மின் இசட்/ஓஎஸ் என்று அந்தக் கோப்பில் இடம்பெற்ற ஊர்கள் பல. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் குறிப்பெழுதித் தந்தவர்கள் அங்கங்கே அதைப் பயன்படுத்தியவர்கள்தாம்.

எழுத்து அட்டவணைகளின் கதை இதைவிடச் சுவையானது. ஓர் எழுத்துக்குச் சிற்றெழுத்து எது, பேரெழுத்து எது, அது எண்ணா, இடைவெளியா என்பதையெல்லாம் பிசிஆர்இ ஒவ்வொரு முறையும் சி மொழியைக் கேட்பதில்லை. 1,088 பைட் கொண்ட ஓர் அட்டவணையைப் பார்த்துக்கொள்கிறது. சிற்றெழுத்தாக்க 256, பெரியதைச் சிறியதாகவும் சிறியதைப் பெரியதாகவும் புரட்ட 256, பத்து எழுத்து வகைகளுக்குத் தலா 32 வீதம் 320, எழுத்தின் இயல்பைச் சொல்ல 256. முதலில் இந்த அட்டவணையை உருவாக்க ஒரு சிறு நிரல் இருந்தது. லைப்ரரியைக் கட்டும்போதே அந்த நிரல் கம்பைல் ஆகி, ஓடி, அட்டவணையை எழுதித் தரும். எந்த இயந்திரமானாலும் அதனிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதால் பிழை வராது என்பது கணக்கு.

ரூட்டர்களும் கைப்பேசிகளும் வந்தபோது இந்தக் கணக்கு உடைந்தது. ரூட்டருக்கான நிரலை ரூட்டரில் யாரும் கம்பைல் செய்வதில்லை. மேசைக் கம்ப்யூட்டரில் செய்து அங்கே ஏற்றுவார்கள். ரூட்டருக்காகக் கட்டிய அட்டவணை நிரல் மேசையில் ஓடாது. மேசைக்காகக் கட்டி ஓட்டினால், அட்டவணை மேசையின் எழுத்துகளைச் சொல்லுமே தவிர ரூட்டரின் எழுத்துகளைச் சொல்லாது. எனவே ஆஸ்கிக்கான அட்டவணையை ஆயத்தமாகவே பொதியில் வைத்தார் ஹேசல். உள்ளூர் இயந்திரத்தைக் கேட்டுப் புதிதாக எழுதவேண்டும் என்றால் அதற்கெனக் கட்டும்போது போடுகிற ஒரு சுவிட்ச். முன்பு எல்லோருக்கும் நடந்தது இப்போது கேட்டவருக்கு மட்டும் என்றானது.

மெயின்ஃப்ரேம்காரர்கள் கேட்டார்கள். அங்கே ஆஸ்கி இல்லை. எப்சிடிக் என்ற ஐபிஎம்மின் எழுத்துமுறை. துளையட்டைக் காலத்தில் உருவான அந்த முறையில் ஆங்கில நெடுங்கணக்கு ஒரே தொடராக அமையவில்லை, மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. சிற்றெழுத்துகளில் ‘ஏ’ முதல் ‘ஐ’ வரை 129 முதல் 137. ‘ஜே’ முதல் ‘ஆர்’ வரை 145 முதல் 153. ‘எஸ்’ முதல் ‘இசட்’ வரை 162 முதல் 169. இடையிடையே உள்ள எண்கள் ஆங்கில எழுத்துகளுக்கு உரியவை அல்ல.

இப்போது ‘எச் முதல் கே வரை ஏதேனும் ஓர் எழுத்து’ என்று ஒருவர் தேடுகிறார். ஆஸ்கியில் அது நான்கு எழுத்து, நான்கு எண். எப்சிடிக்கில் ‘எச்’ 136, ‘கே’ 146. மொத்தம் 11 எண்கள் அந்த எல்லைக்குள் வருகின்றன. எண்களை மட்டும் பார்த்தால் எழுத்தல்லாத ஏழும் சேர்ந்து சிக்கும். பெர்ல் இதற்கு ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது, பிசிஆர்இயின் இரண்டாம் தலைமுறையான பிசிஆர்இ2-உம் அதையே ஏற்றது: இரு முனைகளும் ஒரே வகை எழுத்துகளாக நேரே எழுதப்பட்டிருந்தால் நடுவிலுள்ள எழுத்துகளை மட்டும் எடு, ஒரு முனையாவது எண்ணாகத் தரப்பட்டிருந்தால் எல்லா எண்களையும் எடு. எழுதியவரின் மனத்தில் எழுத்து இருந்ததா, எண் இருந்ததா என்பதை அவர் எழுதிய விதத்திலிருந்தே ஊகிக்கும் இந்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. இயந்திரம் மாறினாலும் எழுதியவர் நினைத்தது மாறக்கூடாது என்பதுதானே இந்த உழைப்புக்கெல்லாம் காரணம்.

தமிழுக்கும் இத்தகைய சுவிட்சுகளில் ஒன்று நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ‘தமிழ்’ என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் 15 பைட். ‘எதுவானாலும் ஒன்று’ என்று பொருள்படும் புள்ளிக் குறியால் பிசிஆர்இயில் இந்தச் சொல்லைத் தேடினால், யூடிஎஃப்-8 இல்லாமல் கட்டிய லைப்ரரியில் 15 புள்ளி வேண்டும். அந்த வசதியோடு கட்டி, அதை இயக்கியும் விட்டால் ஐந்து போதும். எழுத்தை எழுத்தாகவே எண்ணும் தனிக் குறியைப் போட்டால் மூன்று. 2000-த்தில் தொடங்கிய யூடிஎஃப்-8 வசதியும், 2004-இல் 5.0 பதிப்பில் சேர்ந்த யூனிகோட் பண்புகளும் முதல் தலைமுறை முழுக்க, கேட்டால்தான் கிடைக்கும் சுவிட்சுகளாகவே இருந்தன. கட்டியவர் கேட்க மறந்திருந்தால், தமிழ் எழுத்துகளை மட்டும் தேடு என்ற கட்டளை அந்த இயந்திரத்தில் பிழையாகத்தான் திரும்பும். இரண்டாம் தலைமுறையில் யூனிகோட் இயல்பாகவே உடன்வரும் என்று ஆனது. அதன் பிறகும் வேலை முடிந்துவிடவில்லை. சொல்லுக்குள் வரத்தக்க குறிகள் என்ற வகையில் நம் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம்பிடித்தது 2024-இல் வந்த 10.43 பதிப்பில்தான். துணைக்கால் யூனிகோடில் வேறு வகையில் சேர்க்கப்பட்டிருப்பதால் அப்போதும் வெளியே நின்றது.

வரி முடிவு பற்றியது அடுத்த தகராறு. யூனிக்ஸ் ஒரு வரியை எண் 10-ஆல் முடிக்கும். பழைய மேக்கின்டாஷ் 13-ஆல். விண்டோஸ் 13, 10 என்று இரண்டையும் சேர்த்து. எப்சிடிக்கில் 10-க்கு நிகரானது 21. சில இடங்களில் 37. அதற்கும் தனியே ஒரு சுவிட்ச் உண்டு. 21, 37 இரண்டில் எதை வரி முடிவு என்று தேர்ந்தெடுக்கவில்லையோ, அது யூனிகோடின் 133-ஆம் குறிக்கு நிகராக வைத்துக்கொள்ளப்படும். இது அற்ப விஷயம்போலத் தோன்றலாம். ‘வணக்கம்’ என்று முடியும் வரியைத் தேடுகிறீர்கள். லைப்ரரி யூனிக்ஸ் வழக்கில் கட்டப்பட்டது, கோப்பு விண்டோஸிலிருந்து வந்தது. ‘ம்’ முடிந்ததும் வரி முடிய வேண்டும் என்று லைப்ரரி பார்க்கிறது. அங்கே கண்ணுக்குத் தெரியாத 13 உட்கார்ந்திருக்கிறது. கிடைக்கவில்லை என்று விடை வருகிறது. திரையில் அந்த வரி நம் கண்ணெதிரே இருக்கிறது.

முதலில் இதற்கும் விடை, கட்டும்போது போடுகிற சுவிட்ச்தான். அவரவர் தம் இயந்திரத்தில் தாமே கம்பைல் செய்த காலத்துக்கு அது பொருத்தமான விடை. ஆனால் 2000-க்குப் பிறகு எத்தனை பேர் பிசிஆர்இயைத் தாமே கம்பைல் செய்தார்கள்? டெபியன், ரெட்ஹேட் போன்ற லினக்ஸ் வினியோகங்களில் அதை ஒருவர் ஒருமுறை கட்டுவார். அந்த ஒரே கட்டை அப்பாச்சியும், மெயில் சர்வரும், கிரெப்பும் பகிர்ந்துகொள்ளும். கட்டும்போது எடுத்த முடிவு, முகம் தெரியாத யாரோ எல்லோருக்குமாக எடுத்த முடிவாகிவிட்டது. பிஎச்பி இதற்கு இன்னொரு வழி தேடிக்கொண்டது: தனக்கென ஒரு பிரதியைத் தன் பொதிக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

ஹேசல் அந்த முடிவுகளைப் படிப்படியாக மேலே நகர்த்தினார். 2006, 2007 வாக்கில் வந்த பதிப்புகளில், வரி முடிவை நிரல் எழுதுகிறவர் லைப்ரரியை அழைக்கும்போதே சொல்லலாம் என்றானது. கொஞ்ச நாளில், தேடல் வடிவத்தை எழுதுகிறவரே அதன் தொடக்கத்தில் ஒரு குறிப்பாகப் போடலாம் என்றானது. எந்தக் கோப்பில் தேடுகிறோம் என்பது அவருக்குத்தான் தெரியும். கட்டும்போது போடுகிற சுவிட்ச், யாரும் எதுவும் சொல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள வேண்டிய இயல்புநிலையாகச் சுருங்கியது. ஒரு தேடல் எவ்வளவு தூரம் முயலலாம் என்ற எல்லைகளுக்கும் பிற்பாடு இதே கதிதான். கூடவே, எப்படிக் கட்டப்பட்டிருக்கிறாய் என்று லைப்ரரியையே கேட்க ஒரு செயல்கூறும் இருந்தது. எந்த எழுத்துமுறை, எந்த வரி முடிவு, எவ்வளவு எல்லை என்று அது பதில் சொல்லும். அடுத்தவர் கட்டித் தந்ததைப் பயன்படுத்துகிற நிரலாளருக்கு இந்தப் பதில்தான் பிடிமானம்.

ஒரு சுவிட்ச் முழுதாகவே வேலையற்றுப் போன கதையும் உண்டு. பிசிஆர்இயின் தேடல், ஒரு செயல்கூறு தன்னையே மீண்டும் மீண்டும் அழைக்கும் முறையில் எழுதப்பட்டிருந்தது. ஒவ்வோர் அழைப்புக்கும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் தோராயமாக 500 பைட் என்று அதன் கையேடு கணக்குச் சொன்னது. லினக்ஸில் வழக்கமான 8 மெகாபைட் ஸ்டாக்கில் அது 16,000 அழைப்பு வரை தாங்கும். விண்டோஸில் இயல்பாகக் கிடைப்பது 1 மெகாபைட். ஒரே வடிவம், ஒரே உரை. ஓரிடத்தில் விடை வரும், இன்னோரிடத்தில் நிரல் அப்படியே விழுந்துவிடும். இதற்காக ஸ்டாக்கை விட்டுவிட்டு ஹீப் என்ற இன்னொரு பகுதியிலிருந்து நினைவகம் எடுக்கும் சுவிட்ச் ஒன்று சேர்க்கப்பட்டது. வேகம் குறையும், ஆனால் விழாது. பல ஆண்டுகள் இந்த இரட்டை வழி நீடித்தது. ஹேசல் 2007-இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் லைப்ரரியை விடவில்லை. 2015 ஜனவரியில் பிசிஆர்இ2 வந்தது. 2017-இல் அதன் 10.30 பதிப்பில் தேடல் பகுதியையே திருத்தி எழுதி, தன்னையே அழைக்கும் முறையை நீக்கினார். சுவிட்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இயந்திரங்களுக்கு இடையிலான ஒரு வேற்றுமையைச் சுவிட்ச் போட்டுச் சமாளிப்பது ஒரு வழி. அந்த வேற்றுமை தலையிடாதபடி நிரலையே மாற்றுவது அதைவிட நல்ல வழி; காலமும் பொறுமையும் வேண்டும், அவ்வளவுதான்.

உள் கட்டளைகளாக மாற்றி முடித்த தேடல் வடிவத்தைக் கோப்பில் சேமித்து வேறோர் இயந்திரத்தில் திறந்தால் என்னாகும் என்பதையும் அவர் பார்த்துவைத்திருந்தார். ஒவ்வொரு வடிவத்தின் தலையிலும் பி, சி, ஆர், இ என்ற நான்கு எழுத்துகளால் ஆன ஓர் எண் இருக்கும். பைட்டுகளை எதிர் வரிசையில் அடுக்கும் இயந்திரத்தில் திறந்தால் அதே எண் இ, ஆர், சி, பி என்று தெரியும். லைப்ரரி அதைக் கண்டவுடன், இது அயலூர்ச் சரக்கு என்று புரிந்துகொள்ளும். முதல் தலைமுறையின் ஒரு கட்டத்தில், அப்படிப் புரட்டிக் கிடக்கும் எண்களைத் தானே நேராக்கிக்கொண்டு வேலையைத் தொடரவும் செய்தது.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்த லைப்ரரிக்குள், 2011 அக்டோபரில் வந்த 8.20 பதிப்பில், நேர் எதிரான ஒன்று நுழைந்தது. ஹங்கேரியின் செகெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸோல்டான் ஹெர்செக், தேடல் வடிவத்தை அந்தந்தப் பிராசஸரின் சொந்தக் கட்டளைகளாகவே மாற்றிவிடும் பகுதி ஒன்றை எழுதித் தந்தார். கென் தாம்ப்சன் 1968-இல் ஐபிஎம் 7094-க்காகச் செய்த அதே வேலை. இம்முறை பல பிராசஸர்களுக்கு. தெரியாத பிராசஸரில் இந்தப் பகுதிக்கான சுவிட்சைப் போட்டால் கட்டுவதே நின்றுவிடும். எந்த இயந்திரத்துக்கும் பொதுவான ஒரு லைப்ரரியில், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனித்தனியாக எழுதிய நிரல் எப்படி இடம்பெற்றது, அது எவ்வளவு வேகம் கொடுத்தது என்பதை அடுத்த இதழில் செகெட்டிலிருந்து தொடங்குவோம்.

(தொடரும்)